மஞ்சளில் நல்லா இருக்கு, அண்ணி

என் கொழுந்தன் மாடி அறையில் கம்ப்யூட்டர் வைத்துக் காசு தோண்டப்போவதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. “தோண்டுறதுக்குக் கடப்பாரை வேணாமா தம்பி?” என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் காசுக்கு உலகம் முழுக்கக் கணக்குப் போட மிஷின்கள் வேண்டும், யார் வீட்டு மிஷின் ராப்பகலாகக் கணக்குப் போடுகிறதோ அவர்களுக்கு அதில் ஒரு துளி வந்து சேரும் என்று பொறுமையாக விளக்கினார். எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியை நான் நம்பவில்லை.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்துப் பக்கம் போகும் ஒரு தெருவின் கடைசி வீட்டில். கீழே நானும் என் கணவரும். மாடியில் அவருடைய தம்பி. துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தவர். ஊரடங்கில் பட்டறையை இழுத்து மூடிவிட்டார்கள். அவர் மனைவி கொரோனாவுக்குப் பயந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு துறையூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சும்மா இருக்கத் தெரியாத மனிதரைச் சும்மா உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று அந்த வருஷம் கண்ணால் பார்த்தேன். காட்டூரில் இருக்கும் சிநேகிதர் ஒருவர் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தாராம். பார்சல் பார்சலாக வந்து இறங்கியது. ராத்திரி பகல் தெரியாமல் மாடியில் டிரில் சத்தம்.

ஒருநாள் முருங்கைக்கீரைப் பொரியல் கொடுக்க மேலே போனேன். கதவைத் தள்ளியதும் தூக்கிவாரிப் போட்டது. கொதிக்கிற உலையின் மூடியைத் திறந்து முகத்தை நீட்டியது போல அனல். மளிகைக் கடையில் சாமான் அடுக்கும் இரும்பு ரேக் மாதிரி மூன்று ரேக்குகள். ஒவ்வொரு தட்டிலும் செங்கல் அளவுக்குக் கணக்குப் போடும் கார்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு கார்டிலும் இரண்டு மூன்று குட்டி ஃபேன்கள். இரைச்சலில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. தரையில் கால் வைக்க முடியவில்லை. செருப்பில்லாமல் பங்குனி வெயிலில் கோயில் பிராகாரத்தில் நிற்கிற சூடு. அந்த அறையின் பல்லிகள்கூட வெளியேறி மாடிப்படிச் சுவரில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

“தம்பி, இது வீடா, ரைஸ் மில்லா?”

“இப்பதான் அண்ணி ஆரம்பிச்சிருக்கேன். கட்டுறது பெரிய விஷயமே இல்ல. கூல் பண்றதுதான் வேலையே. சூடு ஏறுச்சுன்னா கார்டு தானா வேகத்தைக் குறைச்சுக்கும். இன்னும் ஏறுச்சுன்னா செத்துப்போயிரும்.”

மற்ற ஊரில் இது எப்படியோ, திருச்சியில் இந்த மிஷினைக் குளிர வைக்கிறேன் என்று கிளம்பியவருக்கு ஒரு துணிச்சல் வேண்டும். எங்கள் ஊர் வெயில் மனிதர்களையே விட்டுவைக்காது. முதலில் டேபிள் ஃபேன் வைத்துப் பார்த்தார். அது சுடுகாற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவிட்டது. பிறகு தகரத்தை மடித்து, யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய் செய்து, ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிச் சூட்டை வெளியே தள்ளினார். அந்தத் தும்பிக்கைக்கு நேரே மொட்டைமாடித் தளத்தில் நான் வடாம் பிழிந்து வைத்தேன். காலையில் வைத்தது சாப்பாட்டு நேரத்துக்குள் கலகலவென்று காய்ந்துவிட்டது. வந்தவரைக்கும் லாபம் என்று எண்ணிக்கொண்டேன். பிறகு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் சொட்டவிட்டார். வீடெல்லாம் வாசனை. ஆனால் அந்த ஈரக்காற்றில் ஒரு கார்டு பச்சை பூத்துச் செத்துப்போனது. அன்று அவர் சாப்பிடவில்லை. கடைசியில், பழைய ஏசி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காய்ச்சிய இரும்புக்கு நடுவே காலம் தள்ளிய என் கணவர் தனக்கென்று ஒரு ஏசி வாங்கியதில்லை. மிஷினுக்கு ஏசியாம். அவரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவர் சிரித்தார்.

“அந்தத் தகரத்தை மடிச்சிருக்கான் பாரு, ஒரு இடத்துல பிசிறு இல்ல. அவன் கை அப்படி. விடும்மா, ஏதோ பண்றான்.”

மாமனார் மாமியார் போனபோது இந்தத் தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தவர். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவரைப் படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, பெண் பார்த்துக் கட்டிவைத்ததெல்லாம் என் கணவர்தான். தம்பி ஆகாயத்துக்கு ஏணி செய்கிறேன் என்றாலும் அவர் கீழே நின்று பிடித்துக்கொண்டிருப்பார். எனக்கு அதில் பொறாமை உண்டு, மறைத்ததில்லை.

அடுத்த வருஷக் கோடையில்தான் கொரோனா இரண்டாவது முறை வந்தது. முதலில் என் கணவருக்குக் காய்ச்சல். பிறகு மூச்சு. புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உள்ளே போனவர்கள் திரும்பி வராத நாட்கள் அவை. எதிர்க் கட்டிலில் பேசிக்கொண்டிருந்தவர் மறுநாள் இல்லை. இவர் தப்பினார். ஆனால் நுரையீரல் சுருங்கிவிட்டது, வீட்டுக்குப் போனாலும் சில வாரங்கள் ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

“கொஞ்ச நேரம் நின்னாலும் இறங்கிடும்மா. நிக்க விடாதீங்க” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷினுக்கு ஊரே அலைந்துகொண்டிருந்தது. என் கொழுந்தன் எங்கெங்கோ போன் போட்டு, யார் யார் காலிலோ விழுந்து, ஒன்றைப் பிடித்துவிட்டார். ஆட்டோவில் அதைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கரண்ட் ஏறி இறங்கினால் மிஷின் கெட்டுவிடும் என்று ஸ்டெபிலைசரும் மாட்டினார். கூடவே ஒரு சிறிய சிலிண்டர். கரண்ட் போனால் அந்த நேரத்துக்கு. “இது தீந்துச்சுன்னா இப்போதைக்கு ரொப்ப முடியாது அண்ணி. ரொம்ப அவசரத்துக்கு மட்டும்தான்” என்றார். என் கணவரின் கட்டில் பக்கத்தில் அந்த மிஷின் புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட ஆரம்பித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அது ஓரிரண்டு நாள் நிம்மதி. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் வோல்டேஜ் விழ ஆரம்பித்தது.

எங்கள் தெருவில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு மூன்று கம்பிகளில் கரண்ட் வருகிறது: சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்று பேஸ் என்போம். எப்போதும் ஏதாவது ஒன்றில் குறைச்சலாக இருக்கும். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் வீடு வேறு கம்பிக்கு மாறிக்கொள்ளும். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் குழந்தைகூட ஓடிப்போய்ப் பேஸ் மாற்றும். மாற்றிய கையோடு அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுப்போம். “உங்களுக்கு எதுல இருக்கு? எங்களுக்கு நீலத்துல நல்லா இருக்கு!” கறிவேப்பிலை கேட்டால் கொடுப்பது போல அது ஒரு மரியாதை. நல்ல பேஸ் கிடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பவர்களைப் பற்றித் தெருவில் நல்லவிதமாகப் பேசமாட்டார்கள். எங்கள் வீட்டில் கீழே ஒரு மீட்டர், மேலே ஒரு மீட்டர். ஆளுக்கொரு திருகு.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத் தொடங்கும். ஸ்டெபிலைசரில் எரியும் வோல்டேஜ் எண் இறங்கிக்கொண்டே வரும். ஒரு எல்லைக்குக் கீழே போனதும் டக்கென்று அது கரண்டைத் துண்டித்துவிடும். ஆக்சிஜன் மிஷின் பீ என்று வீட்டையே கிழிப்பது போலக் கத்தும். நான் குழாயைப் பிடுங்கிச் சிலிண்டரில் மாட்டுவேன். அதற்குள் மேலேயிருந்து கொழுந்தன் குரல் வரும்.

“அண்ணி, மஞ்சள்ல நல்லா இருக்கு! மஞ்சளுக்கு மாத்துங்க!”

ஓடிப்போய் மஞ்சளுக்குத் திருப்புவேன். எண் ஏறிவிடும். ஸ்டெபிலைசர் உடனே கரண்டை விடாது. சில நிமிடம் யோசித்துத்தான் விடும். பிறகு மிஷின் ஓடும். மறுபடி குழாயை மாற்றி, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்காருவேன். காபி ஆறுவதற்குள் எண் மறுபடி இறங்கும். மறுபடி டக். மறுபடி பீ.

“அண்ணி, இப்ப நீலம்! நீலத்துக்குப் போங்க!”

இப்படியே மத்தியானம் முழுக்க. மிஷினைச் சுற்றி நானும், மாடியில் அவரும், மூன்று நிறத்துக்குள் பம்பரமாகச் சுற்றினோம். சிலிண்டரின் முள் நாளுக்கு நாள் சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்தது. என் கணவரின் விரலில் மாட்டிய ஆக்சிஜன் மீட்டரில் எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கும்போது அவர் உதடு நீலம் பாயும். கண்ணால் என்னைத் தேடுவார். “கரண்ட் ஆபீஸ்ல ஏதோ வேலை பாக்குறாங்களாம், இதோ வந்துரும்” என்பேன். நோயாளியிடம் எதையும் சொல்லக்கூடாது என்று நானும் கொழுந்தனும் பேசி வைத்திருந்தோம்.

கரண்ட் ஆபீஸுக்குப் போன் செய்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். “ஒரு உசுரு போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்” என்றேன். மறுநாள் காலையில் லைன்மேன் ஒருவர் சைக்கிளில் வந்தார். முகமூடி நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று கம்பியையும் சோதித்தார். மூன்றிலும் குறையில்லை. “கம்பியோட கடைசி வீடும்மா இது. கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனா நீங்க சொல்ற அளவுக்குக் குறைய நியாயமில்லையே” என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார். பொய் சொல்கிறார் என்று முதுகுக்குப் பின்னால் சபித்தேன். காலையில் தெருவும் வீடும் குளிர்ந்திருந்தன என்பதோ, மேலே ஏசி ஓடவில்லை என்பதோ எனக்குத் தோன்றவே இல்லை.

கொழுந்தனுக்கும் தோன்றவில்லை. அவருக்கும் அதே அவஸ்தைதான். வோல்டேஜ் விழுந்தால் ஏசி இழுக்காது, ஃபேன்கள் சோர்ந்துவிடும், கார்டுகளில் சூடு ஏறும். அதனால் அவரும் நல்ல பேஸைத் தேடிக்கொண்டே இருந்தார். கிடைத்ததும் முதல் வேலையாக அண்ணனுக்காகக் கீழே குரல் கொடுத்தார். நாளுக்கு நாலு தடவை இறங்கி வந்து வாசற்படியில் நின்று அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து, “கரண்ட்டுக்காரன் கொன்னுருவான் போல இருக்கு அண்ணி” என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நானும் சேர்ந்து அழுதேன். இரண்டு பேரும் ஒரே எதிரியைத் திட்டினோம்.

அந்த மத்தியானம் சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டுக்குள் நுழைந்துவிட்டது. எண் மறுபடி இறங்கத் தொடங்கியபோது மேலேயிருந்து குரல் வரவில்லை. எனக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நானே ஓடிப்போய்ச் சிவப்புக்குத் திருப்பினேன். எண் மளமளவென்று ஏறியது. மிஷின் ஓடியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அசையவில்லை. அத்தனை நாளில் மத்தியானத்தில் அப்படி அது நின்றதே இல்லை. அரங்கா என்று கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அப்போதுதான் மேலே அந்தக் குரல்.

“அண்ணி, சிவப்பு நல்லா இருக்கு! சிவப்புக்கு மாத்துங்க!”

“சிவப்புலதான் தம்பி இருக்கேன்!” என்று நான் பதிலுக்குக் கத்தினேன். சந்தோஷமாகத்தான் கத்தினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எண் இறங்கத் தொடங்கியது.

மீட்டர் பெட்டிக்கு ஓடியவள், திருகைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டேன். இவ்வளவு நேரம் நன்றாக இருந்தது ஏன் இப்போது இறங்குகிறது என்ற ஒரு கேள்விதான் மனதில் இருந்தது. அவரிடமே கேட்கலாம் என்றுதான் மாடியேறினேன். சத்தியமாக வேறு எந்த எண்ணமும் இல்லை.

அறைக்கதவு திறந்திருந்தது. கொழுந்தன் திருகின் மேல் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை. திருகு சிவப்பில் இருந்தது. கரண்ட் மாறியதில் நின்றுபோன மிஷின்கள் தூக்கம் கலைந்து ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்தன. முதல் ரேக்கில் ஃபேன்கள் சுற்ற ஆரம்பித்தன. பிறகு இரண்டாவது ரேக். பிறகு மூன்றாவது. இரைச்சல் ஏறியது. ஏசி திம்மென்று ஓர் அதிர்வோடு இழுக்கத் தொடங்கியது. அறையின் டியூப்லைட் மங்கியது.

அதே கணம் கீழே பீ என்று அலறியது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நல்ல பேஸ் என்று ஒன்று இருந்ததே இல்லை. இந்த மிஷின்கள் எழுந்து உட்காரும்வரை எல்லாக் கம்பியும் நல்ல கம்பிதான். எழுந்த பிறகு அவை இழுக்கும் கம்பி நல்லதில்லை. அவர் எங்கே போனாரோ அங்கேதான் வோல்டேஜ் செத்தது. அங்கேயே என்னையும் கூப்பிட்டார், ஒவ்வொரு தடவையும், தவறாமல், அண்ணன் மேல் வைத்த உயிரால் கூப்பிட்டார். நானும் போனேன்.

“தம்பி” என்றேன். “கீழ கேளுங்க.”

அவர் கேட்டார். டியூப்லைட்டைப் பார்த்தார். ரேக்குகளைப் பார்த்தார். திருகின் மேலிருந்த தன் கையைப் பார்த்தார். அந்த முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப்போனதை நான் பார்த்தேன். மனித முகம் அப்படி வெளுக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மெயினைப் பிடித்து இழுத்தார். நாற்பது ஐம்பது ஃபேன்களும் சோர்ந்து சோர்ந்து நின்றன. அவரை அறைய வேண்டும் என்று என் கை துடித்தது. அதற்கு நேரமில்லை. இருவரும் விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினோம்.

என் கணவரின் தலை தலையணையிலிருந்து சரிந்திருந்தது. விரல் மீட்டரில் எழுபது சொச்சம். கொழுந்தன் குழாயைச் சிலிண்டரில் மாட்டினார். இரண்டு முறை தவறியது. சிலிண்டர் பலவீனமாக ஒரு சீறல் சீறியது. ஸ்டெபிலைசரில் எண் ஏறி நின்றுவிட்டது. ஆனால் அது கரண்டை விடவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தது. நான் அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, “இருங்க, இருங்க, இருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியாது. கொழுந்தன் ஸ்டெபிலைசரின் முன்னால் தரையில் மண்டியிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலிண்டரின் சீறல் தேய்ந்து நின்றது. முள் அடியைத் தொட்டுவிட்டது. நான் பயத்தில் அலறிவிட்டேன்.

டக்கென்று ஒரு சத்தம். மிஷின் புஸ்ஸென்று மூச்சுவிட்டது.

குழாயை மாற்றினோம். எண்பது ஆனது. எண்பத்தைந்து. அந்த எண்களை நான் பார்த்த மாதிரி எந்தச் சாமியையும் பார்த்ததில்லை. தொண்ணூறைத் தாண்டிய பிறகு அவர் உதட்டில் நிறம் திரும்பியது. மேலே ஒரு சத்தமும் இல்லை. மாதக்கணக்கில் எங்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டிருந்தது நின்றதும், தெருவில் தயிர்க்காரர் மணியடிப்பதுகூடக் கேட்டது. ஸ்டெபிலைசரின் எண் நட்டுவைத்தது போல நின்றது.

அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

“சரியாயிருச்சா?”

“ஆயிருச்சுங்க. இனிமே போகாது.”

“யாரு வந்து சரி பண்ணா? அந்த லைன்மேனா?”

கட்டிலின் கால்மாட்டில் நின்ற கொழுந்தன் வாயைத் திறந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

“உங்க தம்பிதான் சரி பண்ணாரு.”

என் கணவர் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். இருமலுக்கு நடுவே, கண்ணெல்லாம் பெருமையாக, என் கையைத் தட்டிச் சொன்னார்.

“அதான பாத்தேன். அவன் மேல இருக்கறப்ப நீ ஏன்மா பயப்படுற?”

கொழுந்தன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.